எலியா, கினிப்பன்றியா?

வண்ணாரப்பேட்டையில் எங்கள் மாடிக்கு டியூஷன் வரும் விலங்கியல் மாணவிக்கு செமினார். தலைப்பு, கர்ப்பகாலப் புரோஜெஸ்ட்ரோன், அதாவது கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன். "எலி எடுக்கட்டா, கினிப்பன்றி எடுக்கட்டாக்கா?" என்றாள்.

கினிப்பன்றியை முதலில் முடித்துவிடலாம். (பெயரில்தான் பன்றி, கொறிக்கும் பிராணிதான்.) கர்ப்பம் ஏறக்குறைய 68 நாள். முதல் சில வாரங்கள் தாண்டிவிட்டால், அண்டகத்தை (சினைப்பையை) எடுத்துவிட்டாலும் கரு தங்கும். நச்சுக்கொடியே புரோஜெஸ்ட்ரோன் சுரந்துவிடும். பிரசவத்துக்கு முன் ரத்தத்தில் அதன் அளவு விழுவதும் இல்லை. மனிதர்களுக்கும் கிட்டத்தட்ட இதேதான். அதனால் மருத்துவம் பேசுகிறவர்களுக்குக் கினிப்பன்றி பிடிக்கும்.

எனக்கு எலிதான். ஆய்வக வெள்ளெலி, துறைமுகப் பக்கம் திரியும் பழுப்பு எலியின் வம்சம். சுமார் 22 நாள் கர்ப்பம் முழுவதும் அண்டகத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம்தான் புரோஜெஸ்ட்ரோன் தர வேண்டும். நடுவில் எந்த நாளில் அண்டகத்தை எடுத்தாலும் கர்ப்பம் போச்சு. சுரப்பது ஒரே இடம்; உத்தரவு போடுகிறவர்தான் மாறுகிறார்.

போன மாத கேலண்டர் தாளை எடுத்து, கட்டங்களை எலியின் நாட்களாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். இணைசேரும்போது கருப்பைவாய்க்குக் கிடைக்கும் தூண்டலே மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியை உசுப்பிவிடுகிறது. கார்பஸ் லூட்டியத்துக்கு உத்தரவு போடும் அதன் புரோலாக்டின் ஹார்மோன் தினமும் இரண்டு முறை பொங்கும்: விடியலுக்கு முன் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஆண் எலி மலடாக இருந்தாலும் இது நடக்கும். 12, 13 நாள் பொய்க் கர்ப்பம் ஓடும். நிஜக் கர்ப்பத்தில் இந்தப் பொங்குதல் 10ஆம் நாள் வாக்கில் அடங்கிவிடும். அந்த இடைவெளியில் பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எல்.எச்.சும் வேண்டும். அதற்குள் நச்சுக்கொடி தன் லாக்டோஜென் ஹார்மோனை அனுப்பத் தொடங்கிவிடும். அது போய் ஒட்டுவதும் புரோலாக்டினின் அதே ஏற்பியில்தான்.

12ஆம் கட்டத்தில் சிவப்பு மையால் கோடு போட்டாள். கோட்டுக்கு முன் பிட்யூட்டரியை எடுத்தால் கர்ப்பம் கலையும். பின் எடுத்தால் கலையாது.

கடைசிக் கட்டங்களில் புரோஸ்டாகிளாண்டின் எஃப்2ஆல்ஃபா என்ற வேதிப்பொருள் வந்து ஒரு நொதியை ஏற்றிவிடும். அது புரோஜெஸ்ட்ரோனைச் செயலற்றதாக மாற்றும். அளவு சரியும், பிரசவம் வரும். 1997இல் இந்த எஃப்2ஆல்ஃபாவுக்கான ஏற்பி இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். புரோஜெஸ்ட்ரோன் இறங்கவில்லை, குட்டியும் போடவில்லை. அண்டகத்தை எடுத்ததும் போட்டன!

"அப்போ மனுஷங்களுக்கு எலி உதவாதாக்கா?" என்றாள். ஏன் உதவாது? நம் நச்சுக்கொடியும் முதல் வாரங்களில் எச்.சி.ஜி. ஹார்மோனை அனுப்பி கார்பஸ் லூட்டியத்தைப் பிழைக்க வைக்கிறதே. நமக்கு அது சில வாரம், எலிக்குக் கடைசிவரை.

சரி, எலிதான் என்று தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பால் கணக்கு அதில்தான் இருந்தது.