நிகழ்தகவுப் பரவல்களுக்கு எது: டிஐ-84 பிளஸ் சிஇ-யா, கேசியோ சிஜி50-யா?

அமெரிக்காவில் ஏபி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் புள்ளியியல்) படிக்கும் பிள்ளைகள் கையில் பெரும்பாலும் டிஐ-84 பிளஸ் சிஇ என்ற வரைபடக் கால்குலேட்டர் இருக்கும். பிரிட்டனில் ஏ-லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) படிப்பவர்களில் வரைபடக் கால்குலேட்டர் வைத்திருப்பவர்களிடம் கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50-ஐப் பார்க்கலாம். பரவல் கணக்குகளை மட்டும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு கேசியோவுக்குத்தான்.

காரணம் ஈருறுப்புப் பரவல், அதாவது குறிப்பிட்ட எண்ணிக்கையிலான முயற்சிகளில் எத்தனை வெற்றி என்று எண்ணும் பரவல். 20 முயற்சிகள், வெற்றி வாய்ப்பு 0.3. வெற்றிகள் 5 முதல் 8 வரை இருக்க நிகழ்தகவு என்ன? கேசியோவின் பைனாமியல் சிடி கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் கேட்கிறது. 5, 8 என்று கொடுத்தால் 0.6492 வந்துவிடும். டிஐ-யின் பைனாம்சிடிஎஃப்-க்கு மேலெல்லை மட்டும்தான் தெரியும். 8 வரையிலான குவிவிலிருந்து (0 முதல் 8 வரையிலான நிகழ்தகவுகளின் கூட்டல்) 4 வரையிலானதை நாமே கழிக்க வேண்டும். பதற்றத்தில் 4-க்குப் பதில் 5 என்று போட்டால் விடை 0.4703 ஆகிவிடும். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ‘குறைந்தது 5’ என்று கேட்டாலும் டிஐ-யில் 1-லிருந்து கழித்தாக வேண்டும்.

மணி வடிவ வளைவரை கொண்ட இயல்நிலைப் பரவலில் டிஐ-தான் தெளிவு. நார்மல்சிடிஎஃப்-இல் கீழெல்லை, மேலெல்லை, சராசரி, திட்டவிலக்கம் என்று பாடத்தில் படித்த வரிசையிலேயே கொடுக்கலாம். கேசியோவில் கணக்குத் திரையில் நேரடியாக எழுதினால் திட்டவிலக்கம் முதலில், சராசரி பிறகு. சராசரி 500, திட்டவிலக்கம் 8 என்றால் 490-க்கும் 505-க்கும் இடையே 0.6284 வர வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது, 0.007 என்று ஒரு விடை வந்து நிற்கும். அதனால் கேசியோவில் புள்ளியியல் மெனுவுக்குள் போய், பெயர் போட்ட கட்டங்களை நிரப்புவதே நல்லது. அங்கே டிரா கொடுத்தால் நிழலிட்ட வளைவரையும் வந்துவிடும். டிஐ-யில் அதே நிழலிடும் கட்டளையான ஷேட்நார்முக்கு முதலில் விண்டோ எல்லைகளை (திரையில் தெரியும் அச்சுகளின் எல்லைகளை) நாமே அமைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரும்பாலும் வெற்றுத் திரைதான்.

ஒரு கால அளவில் நடக்கும் நிகழ்வுகளை எண்ணும் பாய்சான் பரவலுக்கும் ஈருறுப்புக்குச் சொன்னதேதான்.

அப்புறம், எந்தக் கருவியானாலும் இயல்நிலைப் பரவலில் பிடிஎஃப் (கேசியோவில் பிடி) தருவது வளைவரையின் உயரம், நிகழ்தகவு அல்ல. ஈருறுப்பிலும் பாய்சானிலும் பிடிஎஃப் நேரடியாக நிகழ்தகவைத் தரும். பெயர் ஒன்றாக இருப்பதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். ஆசிரியர்கள் இதைப் பொத்தான்களைக் காட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

வகுப்பில் எல்லோரும் டிஐ வைத்திருந்தால் அதையே வாங்குங்கள். ஆசிரியர் சொல்லும் பொத்தான் உங்கள் கையிலும் இருப்பது, கழித்தல் ஒன்று மிச்சமாவதைவிடப் பெரிய உதவி. தனியாகப் படிப்பவர் என்றால் கேசியோ.