உயர்நிலை வகுப்புக்கு ஜியோபோர்டு: எதைப் பார்த்து வாங்குவது, எங்கே சொதப்பும்

ஜியோபோர்டு என்றாலே சின்னப் பிள்ளைகள் முளைகளில் ரப்பர் பேண்டை மாட்டி வீடும் படகும் செய்து விளையாடும் பலகை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதனால் உயர்நிலை வகுப்பில் அது அலமாரியை விட்டு இறங்குவதே இல்லை. கல்வியாளர் கலேப் கட்டெக்னோ 1950களில் இதைப் பரப்பியபோது பார்த்தது பொம்மையாக அல்ல. சாய்ந்த சதுரங்கள், முறுடுகள் (√2 போன்ற மூலங்கள்), பரப்பு, வட்டக் கோணங்கள் ஆகியவற்றைப் பொறுத்தவரை 8, 9, 10ஆம் வகுப்புகளில்தான் இந்தப் பலகை முழுச் சம்பளத்துக்கு வேலை செய்கிறது. ஆனால் கடையில் கிடைக்கும் எல்லாப் பலகையும் அந்த வேலைக்கு உதவாது.

ஒரு பக்கம் வரிசைக்கு 5 வீதம் 25 முளைகள், மறுபக்கம் வட்டத்தில் 12 முளைகள் என்று வரும் இருபக்கப் பிளாஸ்டிக் பலகைதான் உயர்நிலைக்குச் சரி. வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வட்டப் பக்கத்தில் மைய முளை இருக்கிறதா என்பது. சில பலகைகளில் அது இருக்காது. மையம் இல்லையென்றால் மையக் கோணம் இல்லை, அந்தப் பக்கத்தின் பாதிப் பயன் போய்விட்டது.

இரண்டாவது, முளைகளுக்கு இடையே உள்ள தூரம். பலர் கவனிக்காமல் விடுவதும், வகுப்பில் அதிகம் படுத்துவதும் இதுதான். 5 மி.மீ. தடிமன் முளை, 3 செ.மீ. இடைவெளி கொண்ட சிறிய பலகையை எடுத்துக்கொள்வோம். 4 வலம், 3 மேல் என்று ஒரு சாய்கோட்டைப் போட்டால், பக்கத்து முளையின் மையம் அந்தக் கோட்டிலிருந்து ஓர் அலகில் (ஓர் இடைவெளியில்) ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 6 மி.மீ. தள்ளி இருக்கும். பேண்டோ முளையின் மையம் வழியாகப் போவதில்லை. முளையின் வெளிப்பக்கத்தை ஒட்டிப் போகிறது. அதனால் 2.5 மி.மீ. வெளியே நகர்ந்துவிடுகிறது. பக்கத்து முளைக்கும் 2.5 மி.மீ. ஆரம் உண்டு. மீதம் 1 மி.மீ. பேண்டின் தடிமன் அதைத் தின்றுவிடும். தொடக்கூடாத முளையைப் பேண்ட் தொடுகிறது. மாணவர் அதை எல்லை முளை (உருவத்தின் ஓரத்தில் உள்ள முளை) என்று எண்ணுகிறார். பின்னால் வரும் பிக் விதியில் பரப்பு அரை அலகு தப்புகிறது. யார் தவறு என்று யாருக்கும் புரிவதில்லை. முளைத் தடிமனைப் போல ஏழு மடங்கு இடைவெளி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. 5 மி.மீ. முளைக்கு 3.5 செ.மீ. குறைந்தபட்சம், 4 செ.மீ. இருந்தால் நிம்மதி.

மூன்றாவது, முளையின் அடிப்பகுதி. இருபக்கப் பலகை மேசையில் அடிப்பக்க முளைகளின் மேல்தான் நிற்கும். நடுவில் அழுத்தினால் பலகை வளையக்கூடாது, ஓர முளையைப் பக்கவாட்டில் தள்ளினால் சாயக்கூடாது. ஒளி ஊடுருவும் பலகையை வெள்ளைத்தாள் மேல் வைத்துக் காட்டலாம், கேமராவுக்கு அடியில் வைத்துத் திரையிலும் காட்டலாம். ஆனால் அவற்றில் பல எளிதில் உடைகின்றன. மூலை முளை ஒன்று போனால் அந்தப் பலகை இனி 4×4 தான்.

பலகையோடு வரும் பேண்ட் பொட்டலத்தை நம்ப வேண்டாம். பெரும்பாலும் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். 4 செ.மீ. இடைவெளிப் பலகையின் வெளிச்சுற்று 64 செ.மீ. தட்டையாக வைத்தால் 8 செ.மீ. நீளமுள்ள பேண்டின் சுற்றளவு 16 செ.மீ. தான், நான்கு மடங்கு இழுத்தால்தான் எட்டும். அறுந்து போகாவிட்டாலும் முளைகளை உள்பக்கம் சாய்க்கும். தட்டையாக 5 செ.மீ. ஒன்றும் 14 செ.மீ. ஒன்றுமாக இரண்டு அளவுகள் தனியாக வாங்கிவிடுங்கள். இருவருக்கு ஒரு பலகை, பலகைக்கு 6 பேண்ட், மூன்று நிறங்கள். 40 பேர் வகுப்புக்கு 20 பலகை, 120 பேண்ட், கூடவே 30 உபரி. வெயிலும் சூடும் பட்டால் ரப்பர் சீக்கிரம் வெடித்துப்போகும், மூடிய டப்பாவில் இருட்டில் வைக்க வேண்டும். இழுக்கும்போது முதல் முளையின் மேல் ஒரு விரல் இருந்தே ஆக வேண்டும் என்பதை முதல் நாளே சட்டமாக்கிவிடுங்கள். பேண்ட் கண்ணை நோக்கிப் பறப்பது பெரும்பாலும் அந்த முதல் முளையிலிருந்துதான்.

இனி வகுப்புக்கு வருவோம். இந்தப் பலகையை வாங்கியதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் சாய்ந்த சதுரத்தைத்தான் சொல்ல வேண்டும். "இந்தப் பலகையில் எத்தனை வெவ்வேறு அளவுச் சதுரங்கள் போடலாம்?" என்ற கேள்வியோடு தொடங்கினால் போதும். நான்கு என்று உடனே பதில் வரும்: பரப்பு 1, 4, 9, 16. மூலைவிட்டத்தில் நிற்கும் சதுரத்தை யாராவது கண்டுபிடிப்பார்கள், உடனே "அது சாய்சதுரம்" என்று இன்னொருவர் மறுப்பார். பலகையை 45° திருப்பிக் காட்டினால் அந்தச் சண்டை தீரும். மொத்தம் எட்டு அளவுகள்: 1, 2, 4, 5, 8, 9, 10, 16.

பரப்பு 5 உள்ள சதுரத்தில்தான் பலரும் தடுமாறுவார்கள். கண்ணால் பார்த்துச் செங்கோணம் போட முயல்வதே காரணம். முளைகளை எண்ணச் சொல்ல வேண்டும்: 2 வலம், 1 மேல் போனால் அடுத்த பக்கம் 1 இடப்புறம், 2 மேல். எண்கள் இடம் மாறும், ஒன்றின் திசை திரும்பும். செங்குத்துக் கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 என்பது பின்னால் வரும்போது, அதை ஏற்கெனவே விரலால் செய்தவர்களாக இருப்பார்கள். பரப்பைக் காண வேறு நிறப் பேண்டால் சுற்றி 3×3 சதுரம் போட்டு, மூலைகளில் மிஞ்சும் நான்கு முக்கோணங்களைக் கழிக்கலாம்: 9 − 4 = 5. பரப்பு 10க்கு 16 − 6. இதே படத்தில் 2க்கும் 1க்கும் பதில் எந்த இரு எண்களை வைத்தாலும் பித்தாகரஸ் தேற்றத்தின் நிரூபணம் கையில் இருக்கிறது. அதை அவசரப்பட்டுப் பெயர் சொல்லிக் கெடுக்காமல் இருப்பது ஆசிரியரின் பொறுமையைப் பொறுத்தது.

"பரப்பு 3, 6, 7, 13 ஏன் வரவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். 13 வராததற்குக் காரணம் இடம் இல்லாதது. வரிசைக்கு 6 முளை இருந்தால் வந்துவிடும். 3, 6, 7 மூன்றும் எவ்வளவு பெரிய பலகையிலும் வராது. இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக அவற்றை எழுத முடியாது. இந்த வேறுபாட்டை வகுப்பே கண்டுபிடிக்க ஒரு பாடவேளை முழுதாகப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

முறுடுகளுக்கும் இதே பலகைதான். 25 முளைகளில் எந்த இரண்டை இணைத்தாலும் கிடைக்கும் நீளங்கள் 14 மட்டுமே. 1, 2, 3, 4 போக ஐந்தாவது முழுஎண் 5. அது 3-4-5 முக்கோணத்தின் கர்ணமாக வருகிறது. மற்ற ஒன்பதும் √2, √5, √8, √10, √13, √17, √18, √20, √32. மூலைவிட்டத்தில் √2ஐ இரண்டு முறை வைத்தால் √8, மூன்று முறை வைத்தால் √18, நான்கு முறை வைத்தால் √32. 2√2 = √8 என்பதை விதியாக ஒப்பிக்க வேண்டியதில்லை. √2 + √2 = √4 என்று விடைத்தாளில் எழுதும் பழக்கத்துக்கும் இங்கே மருந்து உண்டு: √4 என்பது கிடைமட்டமாக இரண்டு அலகு, மூலைவிட்டத்தில் இரண்டு துண்டு அதைவிடக் கண்கூடாக நீளம்.

பிக் தேற்றம் எல்லோருக்கும் பிடித்த செயல்பாடு. ஆஸ்திரியக் கணிதவியலாளர் கேயோர்க் பிக் 1899இல் வெளியிட்டது: உள்ளே உள்ள முளைகளோடு எல்லை முளைகளில் பாதியைக் கூட்டி 1ஐக் கழித்தால் பரப்பு. முதலிலேயே சூத்திரத்தைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வது வீண்வேலை. உள்ளே முளையே இல்லாத உருவங்களை மட்டும் முதலில் போடச் சொல்லுங்கள். எல்லையில் 3 என்றால் ½, 4 என்றால் 1, 5 என்றால் 1½. பிறகு உள்ளே சரியாக ஒரு முளை, பிறகு இரண்டு. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாறினால் அட்டவணையிலேயே விதி தெரிந்துவிடும். இரண்டும் சேர்ந்து மாறினால் பத்து உருவம் போட்டாலும் ஒன்றும் தெரியாது.

இங்கே சிக்கல் குழிந்த உருவங்களில் வருகிறது. உள்நோக்கி மடியும் இடத்தில் பேண்ட் முளையின் மறுபக்கமாகச் சுற்றுவதால், அந்த முளை உருவத்துக்கு வெளியே நிற்பதுபோல் தெரியும். பேண்ட் மடியும் முளை எதுவானாலும் எல்லைதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேண்ட் தன்னையே வெட்டும் வண்ணத்துப்பூச்சி வடிவத்துக்கும் விதி பொருந்தாது. நடுவில் ஓட்டை உள்ள உருவத்தை வேண்டுமென்றே கொடுக்கலாம்: வெளியே 4×4 சதுரம், நடுவில் 2×2 ஓட்டை. பரப்பு 12. எல்லை முளைகள் 16 + 8 = 24, உள்ளே ஒன்றும் இல்லை, விதியோ 11 என்கிறது. ஓர் ஓட்டைக்கு 1 கூட்ட வேண்டும் என்பதை நன்றாகப் படிப்பவர்கள் தாமாகவே பிடித்துவிடுவார்கள்.

வட்டப் பக்கத்தைப் பலர் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. கடிகாரம் போல முளைகளுக்கு 1 முதல் 12 வரை எண் ஒட்டிவிட்டால் வேலை சுலபம். அடுத்தடுத்த முளைகள் மையத்தில் 30°, பரிதியில் 15° தாங்கும். மையத்தையும் 12, 4 ஆகிய முளைகளையும் ஒரு பேண்டால் இணைத்தால் 120°. இன்னொரு பேண்டால் 12, 4, 8 முளைகளை இணைத்து, 8இல் இருக்கும் முனையை மட்டும் தூக்கி 7, 6, 5, 9 என்று நகர்த்த வேண்டும். கோணம் 60° ஆகவே இருக்கும். அதே முனையை 2க்குக் கொண்டுபோனால் 120° ஆகிவிடும். கரும்பலகையில் இதற்கு ஆறு படம் வரைய வேண்டும். பாகைமானி வைத்து அளக்கச் சொல்லாதீர்கள். பேண்ட் முளையைச் சுற்றி வளைவதால் ஓரிரு பாகை தப்பும், விவாதம் கருவியைப் பற்றியதாகிவிடும். கோணத்துக்கு எதிரே உள்ள வில்லில் எத்தனை இடைவெளி என்று எண்ணி 15ஆல் பெருக்கச் சொன்னால் போதும்.

இந்த 12 முளைகளில் ஒன்றோடொன்று சர்வசமமல்லாத முக்கோணங்களும் சரியாக 12 தான்: விரிகோண முக்கோணம் 6, செங்கோணம் 3, குறுங்கோணம் 3. அவற்றில் ஒன்று சமபக்க முக்கோணம். இதே பலகையைத் திருப்பிச் சதுரப் பக்கத்தில் சமபக்க முக்கோணம் போடச் சொன்னால் முடியாது. பார்வைக்குச் சமபக்கம்போல் தெரிவதை நீட்டுவார்கள். 4 அலகு அடிப்பக்கமும் 3 அலகு உயரமும் கொண்டால் மற்ற பக்கங்கள் √13, 4 அல்ல. பத்தாம் வகுப்புக்கு நிரூபணமும் எட்டும்: பக்கத்தின் வர்க்கம் முழுஎண், ஆகவே பரப்பில் √3 வரும், பிக் விதிப்படியோ பரப்பு அரை அலகுகளில்தான் வர முடியும்.

பலகை எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. பேண்டைக் கழற்றினால் பாடமும் போய்விடும். போட்ட ஒவ்வோர் உருவத்தையும் உடனே புள்ளித்தாளில் வரைய வைக்க வேண்டும், 5×5 கட்டங்கள் பன்னிரண்டு உள்ள ஒரு தாள் ஒரு பாடவேளைக்குச் சரியாக இருக்கும். அப்படியானால் புள்ளித்தாள் மட்டும் போதாதா என்றால், விதியைச் சரிபார்க்கப் போதும். தேடிக் கண்டுபிடிக்கப் போதாது. அழித்து வரைய யாருக்கும் மனம் வராது, பேண்டை நகர்த்த நொடிதான்.

மேத் லேர்னிங் சென்டர் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் இணைய ஜியோபோர்டு, திரையில் காட்டி விளக்க வசதியானது. ஆனால் வகுப்பு முழுவதற்கும் கணினி இல்லாத இடத்தில் ஒருவர் நகர்த்த மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இயற்கணிதக் கோவைகள், விருப்பமான கோணத்தில் சுழற்றுவது ஆகியவற்றுக்கு எந்த ஜியோபோர்டும் உதவாது. அவற்றுக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள்தான் சரி.