விட்ச் ஸ்டார்ட்டர் கிட்: பெட்டிக்குள் தேறுவது எது?

டிக்டாக்கில் விட்ச்டாக் (மந்திரம், சடங்கு என்று வீடியோ போடுவோரின் வட்டம்) பக்கம் போனால் ஐந்து நிமிடத்தில் அந்தப் பெட்டி கண்ணில் படும். குப்பிகளில் மூலிகை, நாலைந்து கற்கள், கலர் மெழுகுவர்த்திகள், புகை போட ஒரு வெள்ளை சேஜ் செடிக் கட்டு, குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 'ஸ்டார்ட்டர் கிட்' என்று விற்பது இதைத்தான். (நம்மூரில் சூனியம் என்றால் அடுத்தவருக்கு வைப்பது. விட்ச்டாக்கில் தன்னை விட்ச் என்று சொல்லிக்கொள்பவர் பெரும்பாலும் தனக்கே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்பவர்.) மந்திரம் பலிக்குமா என்ற பேச்சுக்கே போகவில்லை, பொருள் காசுக்குப் பெறுமா என்பதுதான் கேள்வி.

பெட்டியில் உருப்படியானது மெழுகுவர்த்தி. சைம் கேண்டில் என்பார்கள்: 4 அங்குல உயரம், அரை அங்குலத் தடிமன், காற்று படாவிட்டால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எரியும். ஒரே உட்காரலில் சடங்கை முடிக்கத் தோதான அளவு. ஆனால் வீடியோவில் காட்டுவதுபோல் எண்ணெய் தடவி, காய்ந்த மூலிகையில் புரட்டி எடுக்காதீர்கள். பாதி எரிந்ததும் ஒட்டியிருக்கும் இலைத்துணுக்கே இரண்டாவது திரியாகிவிடும், சுவாலை திடீரென்று எழும். மூலிகையைப் பீங்கான் தட்டில், வர்த்தியிலிருந்து தள்ளித் தூவினால் போதும்.

ஸ்பெல் ஜார் (சடங்குக்காக மூலிகை போட்டு மூடி வைக்கும் குப்பி) அடைக்கும்போதுதான் பலர் சொதப்புகிறார்கள். குப்பியில் ஈரம் இருக்கக் கூடாது. ரோஸ்மேரி மூலிகையை விரலால் நசுக்கினால் நொறுங்க வேண்டும். இல்லையென்றால் கொஞ்ச நாளில் பூஞ்சை. தேன் ஜாரில் பச்சை இலை போட்டால் இலையின் நீர் தேனில் இறங்கிப் புளிக்கும், வாயு சேர்ந்து மூடியைத் தள்ளும். சீல் வைக்க, வர்த்தியைக் கையில் சாய்த்துப் பிடித்து மெழுகைச் சொட்டவிடுங்கள். கார்க் மேலேயே எரியும் வர்த்தியை நிறுத்துவது கேமராவுக்கு அழகு. கார்க் தீப்பிடிக்கும், குப்பி விரிசல் விடும்.

கற்களில் ஏமாற்று அதிகம். அடி வெள்ளையாகவும் நுனி கருகிய ஆரஞ்சாகவும் இருக்கும் 'சிட்ரின்', சூளையில் சுட்ட அமெதிஸ்ட் என்ற ஊதாக் கல். ஓப்பலைட் என்று விற்பது வெறும் கண்ணாடி. செலினைட் அசல்தான், ஆனால் அது ஜிப்சம்; நகம் பட்டாலே கீறும். நிலவொளியில் வைக்கும் 'நிலாத்தண்ணீர்' பாத்திரத்தில் போட்டால் பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகும். மாலகைட் என்ற பச்சைக் கல்லில் செம்பு இருக்கிறது, குடிக்கிற தண்ணீரில் போடவே கூடாது.

சேஜ் கட்டு உள்ள கிட்டை வாங்க வேண்டாம். வெள்ளை சேஜ் இயற்கையாக வளர்வது தெற்குக் கலிபோர்னியாவிலும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும் மட்டும். அங்குள்ள பூர்வகுடிகளுக்கு அது புனிதச் செடி. தெற்குக் கலிபோர்னியாவின் நார்த் எட்டிவாண்டா காப்பகத்தில் அதைத் திருட்டுத்தனமாக அறுத்துக் கடத்துகிறார்கள். 2018-ல் செஃபோரா அழகுசாதனக் கடைகளுக்காகப் பின்ரோஸ் வாசனைத் திரவிய நிறுவனம் 42 டாலருக்கு அறிவித்த விட்ச் கிட்டிலும் இது இருந்தது. விட்ச்சுகளிடமிருந்தே எதிர்ப்பு கிளம்ப, விற்பனைக்கு வருமுன்னே திரும்பப் பெற்றார்கள். புகைதான் வேண்டுமென்றால் தொட்டியில் வளரும் ரோஸ்மேரியைக் காயவைத்துக் கட்டிக்கொள்ளலாம்.

டாரட்டைத் தனியாக வாங்குவதே மேல். கிட்டோடு வந்துவிட்டதென்றால் பிரித்ததும் எண்ணிப் பாருங்கள்: மேஜர் வகைச் சீட்டு 22, மைனர் வகை 56, மொத்தம் 78. விளக்கப் புத்தகத்துக்குப் பதில் கியூஆர் கோடு ஒட்டியிருந்தால் பெரும்பாலும் திருட்டுப் பதிப்புதான்.