புரோயின் மாத்திரை: எங்கள் பாக்ஸரின் படுக்கை காய்ந்த கதை

ஒன்பது வயதான எங்கள் பாக்ஸர் பெண் நாய், உறங்கி எழுந்த இடத்தில் உள்ளங்கையளவு ஈரத்தை விட்டுச் செல்லத் தொடங்கியபோது, வயதாகிவிட்டதால் பழக்கம் கெட்டுவிட்டது என்றே நினைத்தோம். விழித்திருக்கும்போது அவள் வெளியே சென்றுதான் சிறுநீர் கழித்தாள். தூக்கத்தில் கசிவது அவளுக்கே தெரியவில்லை என்பது எங்களுக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின.

முதலில் காட்டிய மருத்துவமனையில் சிறுநீரைச் சோதிக்காமலேயே ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். பணம் போனதே தவிர ஈரம் போகவில்லை. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவரோ, சிறுநீரின் அடர்த்தி, கிருமி வளர்ப்புச் சோதனை, இரத்தச் சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு, வயிற்று ஸ்கேன் ஆகிய அனைத்தையும் பார்த்த பிறகே மருந்தைப் பற்றிப் பேசினார். சிறுநீர் நீர்த்துப் போயிருந்தால் நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, கார்டிசால் ஹார்மோன் மிகுவதால் வரும் குஷிங் நோய் போன்றவற்றைத்தான் முதலில் தேட வேண்டுமாம். எங்கள் நாய்க்கு அவை எதுவும் இல்லாததால், கருத்தடை அறுவைக்குப் பின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிப் பிடிக்கும் சுருக்குத்தசை தளர்ந்திருக்கிறது என்று முடிவு செய்து, புரோயினைப் பரிந்துரைத்தார்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011இல் நாய்களுக்கென ஒப்புதல் அளித்த இம்மாத்திரையில் இருப்பது ஃபெனைல்புரொப்பனோலமைன். தளர்ந்த அந்தத் தசையை இறுகச் செய்வதே இதன் வேலை. கிலோவுக்கு 2 மி.கி. வீதம் நாளுக்கு இருமுறை என்பதால், 25 கிலோ எடையுள்ள எங்கள் நாய்க்கு 50 மி.கி. மாத்திரை ஒன்று காலையும் மாலையும் சரியாகப் பொருந்தியது. முதல் வாரத்திலேயே ஈரம் சுருங்கியது. மூன்றாம் வாரத்தில் படுக்கை முழுவதும் காய்ந்தது. ஆனால் இது நோயை வேரோடு நீக்கும் மருந்தன்று: ஒரு மாலை வேளை மறந்துவிட்டோம், மறுநாள் காலையிலேயே விரிப்பைத் துவைக்க வேண்டியதாயிற்று.

ஈரல் சுவையில் செய்திருப்பதால் நாயை ஏமாற்றி விழுங்கவைக்க வேண்டியதில்லை. அதே சுவைதான் ஆபத்தும்கூட. நாய்கள் மூடிய புட்டியையே கடித்துத் திறந்து மாத்திரைகளைத் தின்றிருப்பதாக மருந்தோடு வரும் குறிப்பே எச்சரிக்கிறது. எங்கள் வீட்டில் இது அரிசி டப்பாவுக்கும் மேலே, எட்டாத தட்டில் இருக்கிறது. மனிதர்களின் சளி மருந்துகளில் இருந்த இதே வேதிப்பொருளை, மூளையில் இரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் கருதி அமெரிக்கா 2000இல் விலக்கச் சொன்னது என்பதால், பிள்ளைகளின் கைக்கும் எட்டாமல் வைப்பது நல்லது.

இரத்த அழுத்தத்தை இது உயர்த்தக்கூடும். ஆகவே அதை அவ்வப்போது அளக்கும் செலவையும் மாத்திரை விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். இதய நோய் உள்ள நாய்க்கு இதைக் கொடுக்கலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதே கசிவுக்கு எஸ்ட்ரியால் என்ற ஹார்மோன் மாத்திரையும் உண்டு. பிறந்ததிலிருந்தே ஒழுகும் குட்டியாக இருந்தால், சிறுநீர்க்குழாய் தவறான இடத்தில் இணைந்திருக்கிறதா என்று பார்க்காமல் புரோயினை வாங்க வேண்டாம்.