மெக்புக் எயார் எம்2: நொட்ச் உள்ள திரையில் தமிழ் வேலை

அப்பிள் நிறுவனம் 2021 ஒக்டோபரில் 14 அங்குல, 16 அங்குல மெக்புக் ப்ரோ கணினிகளில் அறிமுகப்படுத்தி, அடுத்த ஆண்டு எம்2 சில்லுள்ள மெக்புக் எயாருக்கும் கொடுத்த நொட்ச், திருகோணமலையில் இந்தக் கணினியை மேசையில் விரித்து வைத்திருப்பவரிடம் இன்றும் விளக்கம் கேட்கவைக்கிறது. நினைவு மலருக்குப் படங்கள் கொண்டுவந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "தம்பி, மேல கறுப்பா நிக்கிறது என்ன, ஸ்கிரீன் பழுதோ?" என்று கேட்டார். பழுதில்லை, கமராவும், அறையின் வெளிச்சத்தை அளக்கும் உணரியும், கமரா இயங்கும்போது எரிகிற சிறு பச்சை விளக்கும் இருப்பதற்காகத் திரையின் மேல் விளிம்பின் நடுவில் விடப்பட்ட இடம் அது. நான் 13.6 அங்குல எம்2 எயாரை அச்சக வேலைக்காக, அதாவது கோயில் திருவிழா மலர், நினைவு மலர், பாடசாலைச் சஞ்சிகை, திருமண அழைப்பிதழ் ஆகியவற்றின் பக்க வடிவமைப்புக்காக, நாள் முழுவதும் பாவிக்கிறேன். அந்தப் பாவனையை வைத்துச் சொல்வதானால், நொட்ச் கண்ணை உறுத்துவது தொடக்கத்தில் மட்டுமே. அது வேலையில் குறுக்கிடுவது வேறோர் இடத்தில், அதுவும் தமிழில் தட்டச்சுச் செய்கிறவருக்குக் கூடுதலாக.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் திரையில் ஒரு துண்டைப் பறித்துவிட்டார்கள் என்ற குறை பெரும்பாலும் கணக்குப் பார்க்காமல் சொல்லப்படுவது. நொட்ச் இல்லாத எம்1 எயாரின் 13.3 அங்குலத் திரையில் 2560 × 1600 படப்புள்ளிகள் உள்ளன. அது 16:10 விகிதம். எம்2 எயாரில் இருப்பதோ 2560 × 1664. கூடுதலாக வந்த 64 வரிகளும் மேலே, நொட்சின் இரு பக்கமும் நிற்கின்றன. மெனுப் பட்டை அவற்றுக்குள் ஏறிக்கொள்வதால், அதற்குக் கீழே பழைய 16:10 பரப்பு முழுவதும் வேலைக்குக் கிடைக்கிறது. 14 அங்குல ப்ரோவிலும் ஏற்பாடு இதுதான்: 3024 × 1964 இல் மேலேயுள்ள 74 வரிகளைக் கழித்தால் எஞ்சுவது 3024 × 1890, அதுவும் 16:10. ஆகவே நொட்ச் இருப்பதால் பக்கத்தின் உயரம் குறையவில்லை. முன்பு மெனுப் பட்டை எடுத்துக்கொண்ட உயரம் இப்போது பக்கத்துக்கே திரும்பியிருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை ஒருசேரத் திறந்து தலைப்புக் கோட்டையும் பக்க எண்ணையும் ஒரே பார்வையில் சரிபார்க்கிறவருக்கு அந்தச் சிறு உயரமும் ஒரு வசதிதான்.

படம் பார்க்கும்போது நொட்ச் மறைக்கும் என்று பயப்படவும் தேவையில்லை. முழுத்திரைக்குப் போனதும் கணினி அந்த மேல் வரிகளைக் கறுப்பாக்கிவிடுகிறது. 16:9 காணொளிக்கு மேலும் கீழும் எப்படியும் கறுப்புப் பட்டை வருவதால் நொட்ச் அதற்குள் கரைந்துவிடும். ஒரு சிறு வேறுபாடு மட்டும் உண்டு. ப்ரோவின் மினி எல்ஈடி திரையில் கறுப்பு உண்மையாகவே கறுப்பாக இருக்கும். எயாரில் இருப்பது பின்னொளி கொண்ட சாதாரண எல்சிடி என்பதால், விளக்கணைத்த அறையில் அந்தப் பட்டை மெல்லிய சாம்பலாகவும் நொட்ச் அதைவிடக் கறுப்பாகவும் தெரியும். பகலில் அது தெரிய வாய்ப்பே இல்லை. உவர்மலையில் கடலைப் பார்த்த ஜன்னலோரம் அமர்ந்து வேலை செய்தால், 500 நிட்ஸ் பிரகாசம் முழுவதையும் ஏற்றி வைத்தாலும், பளபளப்பான கண்ணாடியில் விழுகிற ஜன்னலின் பிம்பமும் என் சட்டையின் பிம்பமும்தான் தொல்லை தருகின்றன, நொட்ச் அல்ல. இந்த ஊரின் வெயிலுக்குத் திரையின் பளபளப்பைக் குறைத்துத் தந்திருந்தால் அதையே பெரிய நன்மையாகக் கொண்டிருப்பேன்.

பின்னணிப் படத்தைப் பொறுத்தும் இது மாறுகிறது. கோணேசர் மலையைக் கடலிலிருந்து எடுத்த படமொன்றை நான் வைத்திருந்தபோது, மேலே முழுவதும் நீல வானமாக இருந்ததால் நொட்ச் அதன் நடுவில் துருத்திக்கொண்டு நின்றது. மேற்பகுதி இருண்ட படத்துக்கு மாற்றியதும் இருக்கிற இடம் தெரியவில்லை. அப்பிள் கணினிகளின் இயங்குதளமான மெக்ஓஎஸ்ஸின் 2025 இல் வந்த டாஹோ பதிப்பில் மெனுப் பட்டை பின்னணி நிறமின்றி வெறுமையாக வருவதால், இளநிறப் படம் வைத்திருப்பவர்களுக்கு நொட்ச் முன்னைவிடத் துலக்கமாகத் தெரியும். பட்டைக்குப் பின்னணியைத் திருப்பிக் கொடுக்கும் தெரிவு செட்டிங்ஸில் இருக்கிறது.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். மெனுப் பட்டையின் இடப்பக்கம் செயலியின் மெனுக்களும் வலப்பக்கம் ஐகொன்களும் இருக்கின்றன. ஐகொன்கள் கடிகாரத்திலிருந்து இடப்புறமாக அடுக்கப்பட்டு நொட்ச் வரைக்கும் வருகின்றன. அதற்கு மேல் இடமில்லாதுபோனால் மிஞ்சியவை காணாமற்போகின்றன. மடிக்கப்பட்டுள்ளன என்று காட்டும் அம்புக்குறியோ, இன்னும் இத்தனை உண்டு என்று சொல்லும் எண்ணோ எதுவும் அங்கே தோன்றுவதில்லை. செயலி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் அதன் ஐகொன் இல்லை. நிறுவியது சரிவரவில்லை என்று எண்ணி அதையே மீண்டும் நிறுவுகிறவர்கள் இருக்கிறார்கள். செயலியின் மெனுக்கள் நீளமானால் நிலைமை இன்னும் மோசம்: இடப்பக்கத்தில் அடங்காத மெனுக்கள் நொட்சைத் தாண்டி வலப்பக்கத்தில் வந்து குந்திக்கொள்ள, அங்கே இருந்த ஐகொன்களில் மேலும் சில மறைகின்றன. வேறொரு செயலிக்கு மாறினால் அவை திரும்பி வருகின்றன. வெளித்திரையை இணைத்தால் அதில் நொட்ச் இல்லாததால் எல்லாமே ஒழுங்காகத் தெரிகின்றன. ஆகவே மேசையில் பெரிய திரையோடு வேலை செய்யும்போது கண்முன் இருந்த ஒன்று, கணினியை மட்டும் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனதும் இருப்பதில்லை.

இது தமிழில் தட்டச்சுச் செய்கிறவரைக் கூடுதலாகத் தாக்குவது எப்படி என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இலங்கை அச்சகங்களில் பழைய கோப்புகளில் பெரும்பங்கு பாமினி எழுத்துருவில் இருக்கிறது. பாமினி, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துரு. எனவே பாமினிக் கோப்பைத் திருத்தும்போது கணினியின் விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் வருகிற புதிய எழுத்துகளோ யுனிகோட். அவற்றைத் திருத்த விசைப்பலகையைத் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்புக்கு மாற்ற வேண்டும். தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டு தமிழ் விசை அமைப்புகளும் மெக்ஓஎஸ்ஸிலேயே கிடைப்பதால் தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை, அது பெரிய நிம்மதி. ஒரே நினைவு மலரில் பழைய தேவாரப் பக்கம் பாமினியிலும் பேரப்பிள்ளைகள் எழுதிய கவிதை யுனிகோட்டிலும் இருப்பது இங்கே அன்றாட நிகழ்வு. விசைப்பலகை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் தட்டினால், யுனிகோட் பத்தியில் 'அம்மா' வர வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும். பாமினிப் பத்தியில் வெற்றுப் பெட்டிகள் வரிசையாக வரும். இந்த நிலையை எந்நேரமும் காட்டுகிற ஒரே அடையாளம் மெனுப் பட்டையிலுள்ள உள்ளீட்டு ஐகொன். வேறு ஐகொன்களின் நெரிசலில் அது நொட்சுக்குப் பக்கத்தில் தள்ளப்பட்டிருந்தால், பக்க வடிவமைப்புச் செயலியான இன்டிசைன் போன்ற நீண்ட மெனு உள்ள செயலியைத் திறந்த கணமே அது மறைந்துவிடக்கூடும்.

2023 இல் வந்த மெக்ஓஎஸ் சொனோமாவிலிருந்து, மொழியை மாற்றும்போது எழுத்துச் சுட்டியின் அருகில் ஒரு சிறு குமிழ் தோன்றி எந்த விசைப்பலகை என்று காட்டுகிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அது மாற்றுகிற கணத்தில் தோன்றி மறைவது. வாசலில் வந்தவரோடு சற்று நேரம் பேசிவிட்டுத் திரும்பி வந்து கீபோர்ட்டில் கைவைப்பவருக்கு அது எதையும் சொல்வதில்லை.

கண் மங்கத் தொடங்கியவருக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. எயாரின் திரையில் படப்புள்ளிகள் 2560 × 1664 ஆனாலும், எழுத்துகள் வாசிக்கும் அளவில் தெரிவதற்காக அது வழக்கமாக 1470 × 956 என்ற அளவில் அமைக்கப்பட்டிருக்கும். எழுத்துகளைப் பெரிதாக்க 1280 × 832க்கு மாற்றினால் மெனுப் பட்டையின் நீளமும் அதே விகிதத்தில் சுருங்கி, ஐகொன்களுக்கு இடம் இன்னும் குறைகிறது. மறுபுறம் போய்க் கூடுதல் இடம் தரும் அளவைத் தெரிவுசெய்தால் ஐகொன்கள் திரும்புகின்றன, ஆனால் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. மெய்ப்பு பார்ப்பவருக்கு இது சரிவராது.

தீர்வுகள் இல்லாமல் இல்லை. முதலாவதும் செலவில்லாததும், கொமாண்ட் விசையை அழுத்திக்கொண்டு உள்ளீட்டு ஐகொனைப் பிடித்து வலப்புறமாக, கடிகாரத்துக்கு எவ்வளவு அருகே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு அருகே, இழுத்து வைப்பது. மறைவது எப்போதும் நொட்சுக்கு அருகிலுள்ளவற்றில் தொடங்குவதால், வலப்புறம் இருப்பது பாதுகாப்பாக இருக்கும். இதைக் கணினி வாங்கிய அன்றே செய்துவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதன்பின் தேவையற்ற ஐகொன்களை நீக்கலாம். அச்சுப்பொறி, மேகச் சேமிப்பு, எழுத்துரு மேலாளர் என்று ஒவ்வொரு செயலியும் கேட்காமலே ஒன்றை வைத்துவிடுகிறது, அவற்றில் பாதி நாம் ஒருபோதும் தொடாதவை. டாஹோவில் எந்தச் செயலியின் ஐகொனை அனுமதிப்பது என்பதைச் செட்டிங்ஸிலேயே தீர்மானிக்க முடிகிறது. மிஞ்சியவற்றை மடித்து வைக்க ஐஸ், ஹிடன் பார் என்ற இலவசச் செயலிகளும், பார்ட்டெண்டர் என்ற கட்டணச் செயலியும் இருக்கின்றன. பார்ட்டெண்டர் திரையைப் பதிவுசெய்யும் அனுமதியையும் கேட்கும் என்பதை அறிந்து நிறுவுங்கள். பிறருடைய மரண அறிவித்தலும் அடையாள அட்டைப் பிரதியும் திறந்திருக்கிற கணினியில் அந்த அனுமதியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சில செயலிகளுக்கு, அவற்றின் விவரப் பெட்டியில், கமராவுக்குக் கீழே அடங்குமாறு திரையைச் சுருக்கும் தெரிவு ஒன்றும் உண்டு. அது நொட்சையே இல்லாமற் செய்துவிடுகிறது, ஆனால் கூடுதலாகக் கிடைத்த உயரத்தையும் சேர்த்து விழுங்கிவிடுவதால் கடைசி வழியாகவே அதை வைத்திருக்கிறேன்.

இவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு அது தருவது என்ன என்றால், நல்ல கமரா. எம்1 எயாரில் 720பி ஆக இருந்தது இதில் 1080பி. மாலையில் ஒற்றை விளக்கின் கீழிருந்து டொரொண்டோவிலுள்ள சொந்தக்காரரோடு பேசும்போது முகத்தில் முன்பிருந்த புள்ளி புள்ளியான இரைச்சல் நன்றாகக் குறைந்திருக்கிறது. கமரா திரையின் மேல் விளிம்பில் நடுவே இருப்பதும் முக்கியம். விளிம்பை மெலிதாக்குவதற்காக டெல் எக்ஸ்பிஎஸ் 13 இல் 2015 இலிருந்து சில ஆண்டுகள் கமராவைத் திரைக்குக் கீழே வைத்தார்கள். பேசுகிறவரின் மூக்குத் துவாரமே எதிரில் இருப்பவருக்கு முதலில் தெரிந்தது. 2019 இல் அதை மேலே கொண்டுவந்தபோது நொட்ச் இல்லாமலே கொண்டுவந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சில லெனோவோ கணினிகளில் விளிம்பு வெளிப்புறமாகச் சற்றுப் புடைத்திருக்கும். திரையைக் கெடுக்காத அந்த வழி, அழகு குறைந்தாலும், எனக்குப் பிடித்திருக்கிறது. ஐபோனைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த நொட்சிலும் முகத்தைக் கண்டு திறக்கும் வசதி இருக்கும் என்று எண்ணுகிறார்கள். இல்லை, விரலடையாளம்தான், அதுவும் கீபோர்ட்டின் மூலையில்.

கமராவை மூடுவதற்குச் சறுக்கும் பிளாஸ்டிக் மூடி ஒட்டலாமா என்றும் கேட்கிறார்கள். ஒட்ட வேண்டாம். மூடியோடு கணினியை மடித்தால் திரை சேதமடையலாம் என்று அப்பிளே 2020 இல் எச்சரித்திருக்கிறது, ஏனென்றால் மடித்தபின் திரைக்கும் கீபோர்ட்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. வெளிச்ச உணரியும் அதே நொட்சுக்குள் இருப்பதால், மூடி சற்று அகலமாக இருந்தால் திரையின் பிரகாசம் தானாகக் கூடிக் குறைவதும் குழம்பும். திரை வெடித்தால் இங்கிருந்து கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டிவரும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கமரா இயங்கினால் பச்சை விளக்கு எரியும், எனக்கு அது போதும்.

பாவித்த எம்1 எயார் இன்னும் விற்பனைக்கு வருவதால், நொட்சுக்காக அதை எடுப்பதா என்று தயங்குகிறவர்களுக்கு: பட்டையில் ஐகொன்கள் நிறைய வேண்டும், கமரா முக்கியமில்லை, விலை குறைய வேண்டும் என்றால் எம்1 இன்றும் பக்க வடிவமைப்புக்குத் தாங்கும், அதன் திரையின் பிரகாசம் 400 நிட்ஸ் மட்டுமே. இணையவழி வகுப்பு எடுக்கிறவர் எம்2வையோ, 12 மெகாபிக்சல் கமராவோடு 2025 இல் வந்த எம்4ஐயோ எடுக்கலாம். எம்4இலும் நொட்ச் அப்படியே இருக்கிறது. எதை எடுத்தாலும், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே உங்கள் கண்ணுக்கேற்ற எழுத்தளவுக்குத் திரையை மாற்றி, தமிழ்99ஐச் சேர்த்து, நீங்கள் பாவிக்கும் செயலிகளில் மெனு மிக நீண்டதைத் திறந்து, உள்ளீட்டு ஐகொன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.