பாம் டங்ஸ்டன் இ2-வை விட்டு ஸ்மார்ட்போனுக்கு: மூன்று மாதம் ஆகிறது

போன வாரம் தில்லைநகரில் ஒரு கிளினிக். டாக்டர் எழுந்து நின்றுகொண்டே, "அடுத்த வியாழன் வாங்க, ரெண்டு மணிக்கு மேல, அந்த இன்சுலின் லிட்டரேச்சர் எடுத்துட்டு வாங்க" என்றார், அதற்குள் அடுத்த பேஷன்ட் உள்ளே வந்தாயிற்று. வாசலுக்கு வந்து போனை எடுத்தேன். லாக்கைத் திறக்கவில்லை, பேனாவை மட்டும் உருவினேன். கறுப்பாக இருந்த திரையிலேயே "வியாழன் 2 மணி, இன்சுலின்" என்று தமிழில் எழுதிவிட்டுப் பேனாவைத் திரும்பச் செருகினேன், குறிப்பு தானாகச் சேமிப்பாகிவிட்டது. ஏழெட்டு வினாடிதான் ஆகியிருக்கும். இந்த ஏழெட்டு வினாடிக்காகத்தான் 19 வருஷம் ஒரு பாம் (Palm) கருவியை, அதாவது சட்டைப் பையில் வைக்கிற மின்னணுக் குறிப்பேட்டை, விடாமல் வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு வர முடிந்ததும் இதனால்தான்.

நான் மெடிக்கல் ரெப். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை என் ஏரியா. எந்த டாக்டரை எந்த நேரத்தில் பார்க்கலாம், யாருக்கு என்ன சாம்பிள் கொடுத்தோம், போன தடவை என்ன கேட்டார், எந்த ஸ்டாக்கிஸ்டிடம் (மருந்து மொத்த வியாபாரியிடம்) எவ்வளவு நிலுவை, இதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. 2006-ல் மாமா பையன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது சிம் லிம் ஸ்கொயரில் ஒரு பாம் டங்ஸ்டன் இ2 வாங்கி வந்தான். 2005-ல் வெளியான மாடல். 320க்கு 320 திரை, 32 எம்பி மெமரி, எடை 133 கிராம். போன் அப்புறம் வந்தது, ஆண்ட்ராய்டும் வந்தது, கம்பெனி ரிப்போர்ட் ஆப்புக்காகவும் வாட்சப்புக்காகவும் ஒன்று வைத்துக்கொண்டேன். ஆனால் குறிப்பு எழுத எப்போதும் பாம்தான்.

ஏன் என்று கேட்டவர்கள் நிறையப் பேர். கீழே நான்கு பட்டன். கருவி அணைந்திருந்தாலும் முதல் பட்டனை அழுத்தினால் இன்றைய நாள்காட்டி திரையில் நிற்கும். காத்திருப்பு கிடையாது, லாக் கிடையாது, நடுவில் ஒரு வாட்சப் செய்தி வந்து கண்ணை இழுப்பதும் கிடையாது. திரைக்குக் கீழே எழுத ஒரு கட்டம், இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் எண். கிராஃபிட்டி 2 என்ற கையெழுத்து முறை. ஐ, டி, கே, எக்ஸ் இந்த நான்குக்கு மட்டும் இரண்டு கோடு போட வேண்டும், மற்றதெல்லாம் ஒரே இழுப்பு. ஒரு மாதம் பழகினால் டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதலாம், நான் எழுதியிருக்கிறேன். பாமை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், முதல் கருவி 1996-ல் கடைக்கு வருவதற்கு முன்பே, அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மீட்டிங்கில் அதை எடுத்து எழுதுவதுபோலச் செய்து பார்த்தாராம். சட்டைப் பையில் அடங்க வேண்டும், எடுத்தவுடன் வேலை செய்ய வேண்டும் என்பதை அப்படிப் பிடிவாதமாக முதலிலேயே முடிவு செய்த ஒரு மனிதர் இருந்ததால்தான் என் கருவி அப்படி இருந்தது என்று நினைக்கிறேன்.

சரி, பிறகு ஏன் மாற்றினேன்? கருவிக்கு வயதாகிவிட்டது. பேட்டரியைக் கழற்றி மாற்றுகிற மாதிரி அதில் இல்லை. 2013-ல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருவர் பொறுமையாகப் பிரித்து வேறு பேட்டரி வைத்துக் கொடுத்தார், அதுவும் இப்போது முக்கால் மணி நேரம் தாங்கினாலே அதிகம். தொடுதிரையும் இடம் தவறிக்கொண்டே இருந்தது. பேனாவை ஓர் இடத்தில் வைத்தால் அரை சென்டிமீட்டர் தள்ளித் தொட்டதாக எடுத்துக்கொள்ளும், வாரத்துக்கு இரண்டு தடவை கேலிப்ரேட் செய்ய வேண்டும், அதாவது தொடும் இடத்தைத் திரைக்குத் திரும்பச் சொல்லித்தர வேண்டும். இத்தனை வருஷம் உழைத்த கருவியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பயம் வந்தது லேப்டாப்பால். ஹாட்சிங்க் செய்ய, அதாவது பாமில் இருப்பதைக் கணினியிலும் ஏற்றிவைக்க, விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு பழைய லேப்டாப்பைத்தான் வைத்திருந்தேன். பாமைக் கணினிக்கு அடையாளம் காட்டும் யூஎஸ்பி டிரைவரை 64 பிட் விண்டோஸுக்குப் பாம் கம்பெனி தரவில்லை. பாம் கம்பெனியை 2010-ல் ஹெச்பி வாங்கியது, அடுத்த வருஷமே பாமின் போன்களையும் நிறுத்திவிட்டது, இனி அவர்கள் டிரைவர் எழுதித் தரப்போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. 19 வருஷ வேலை இந்த இரண்டு பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது. அன்று ராத்திரியே மொத்த ஃபோல்டரையும் பென் டிரைவில் எடுத்துவிட்டேன், மறுநாள் போன் பார்க்கக் கிளம்பினேன்.

எந்த கம்பெனி போன் என்று சொல்லப்போவதில்லை, சொல்வதால் பெரிய பலனும் இல்லை. உடலுக்குள்ளேயே செருகிய பேனா இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். 6.7 அங்குலத் திரை, 5000 எம்ஏஹெச் பேட்டரி, 256 ஜிபி. பாமைப்போல எட்டாயிரம் மடங்கு இடம். என் 19 வருஷக் குறிப்புகள் அத்தனையும் சேர்த்தாலும் ஒரு போட்டோ அளவு வராது.

இனி டேட்டாவை மாற்றிய விஷயம். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், பழைய பாம் வைத்திருக்கும் யாருக்காவது உதவும். பாம் டெஸ்க்டாப் என்ற கணினி மென்பொருளில் முகவரிகளை விகார்டாக (எந்தப் போனும் படிக்கிற முகவரி ஃபைலாக) வெளியே எடுக்கலாம். மொத்தமாக எடுத்தால் வகைப் பிரிவுகள் போய்விடும், 1,140 பெயரும் ஒரே குவியலாக வந்து விழும். முதல் தடவை அப்படித்தான் செய்தேன், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். ஒவ்வொரு வகையாக எடுங்கள். தில்லைநகர், புத்தூர், தஞ்சாவூர், ஸ்டாக்கிஸ்ட் என்று தனித்தனி ஃபைல். கூகுள் காண்டாக்ட்ஸில் ஒரு ஃபைலை ஏற்றினால் அன்றைய தேதி போட்டு அதற்கென்று ஒரு லேபிளை அதுவே உருவாக்கும், அந்த லேபிளின் பெயரைத் தில்லைநகர் என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. பாமில் பதினைந்து வகைக்கு மேல் வைக்க முடியாது என்பதால் பதினைந்து தடவை, ஒரு மாலைப்பொழுது போதும்.

மெமோக்கள் டெக்ஸ்டாக வந்துவிட்டன. நாள்காட்டிதான் இழுத்தடித்தது. என்னிடம் இருந்த பதிப்பு அதைத் தன் சொந்த ஆர்க்கைவ் வடிவத்தில் வைத்திருந்தது, மாற்றித் தரும் கருவிகளைத் தேடி இரண்டு நாள் போனது. கடைசியில் பழைய சந்திப்புகளை விட்டுவிடலாம், திரும்பத் திரும்ப வருகிறவற்றை மட்டும் கையால் போட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். பிறந்தநாள், திருமண நாள், மாதக் கடைசி ஸ்டாக் கணக்கு எல்லாம் சேர்த்து இருநூற்றுக்குள்தான் வந்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள், நேரம் மிச்சம்.

அப்படி ஒவ்வொரு வகையாக எடுக்கும்போது பழைய பெயர்கள் கண்ணில் பட்டன. புத்தூரில் ஒரு டாக்டர், இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் பெயருக்குக் கீழே 2007-ல் எழுதின குறிப்பு: சாப்பிட்ட பிறகுதான் பார்ப்பார், மருந்தைப் பற்றி மூன்று நிமிஷம், மீதி நேரம் கிரிக்கெட். அழிக்க மனசு வரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு 'பழையவர்கள்' என்று ஒரு லேபிள் போட்டு அவர்களையும் புதுப் போனுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

புதுப் போனில் மனசார சந்தோஷப்பட்டது தமிழ் எழுதும்போதுதான். பாமில் தமிழ் கிடையாது. இத்தனை வருஷமும் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினேன், அதனால் ஒரே ஊரை மூன்று விதமாக ஸ்பெல்லிங் போட்டு வைத்திருக்கிறேன், தேடினால் ஒன்று கிடைக்கும், மற்ற இரண்டு கிடைக்காது. இப்போது கீபோர்டில் தமிழ்க் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவால் எழுதினால் நல்ல அச்சு எழுத்தாக மாறுகிறது. ர-வும் துணைக்காலும் சில சமயம் இடம் மாறிவிடும், அவசரமாக எழுதினால் ண-வும் ன-வும் குழம்பும். கொஞ்சம் பெரிதாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு எழுதினால் பெரும்பாலும் சரியாக வருகிறது. பைக்கை ஓரம் கட்டிவிட்டு வாயாலும் சொல்லலாம், ஆனால் மருந்துப் பெயர்களை அதற்குப் புரியவைப்பது கஷ்டம், அதற்குப் பேனாதான்.

குறையையும் சொல்ல வேண்டும், அதில் ஒன்று சின்னது இல்லை. வாங்கிய இரண்டாவது வாரம், காலை 9 மணிக்குப் புதுக்கோட்டையில் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும், 7 மணிக்கு நினைவூட்டல் வைத்திருந்தேன். போன் அடிக்கவே இல்லை. 9.40-க்கு நானே திரையைத் திறந்தபோதுதான் அந்த அறிவிப்பு வந்து விழுந்தது. ராத்திரி முழுக்க போனைத் தொடாததால் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று நாள்காட்டி ஆப்பைத் தூங்க வைத்திருக்கிறது. பாமில் 19 வருஷத்தில் ஓர் அலாரம்கூட எனக்குத் தப்பியதில்லை. ஒரு குறிப்பேட்டின் முதல் கடமை சொன்ன நேரத்தில் கூப்பிடுவது, அதைக் கடையிலிருந்து வரும்போதே ஒழுங்காகச் செய்யாத போனை எப்படி விற்கிறார்கள் என்று உண்மையாகவே கோபம் வந்தது. சரிசெய்ய வழி இருக்கிறது. செட்டிங்ஸில் நாள்காட்டி ஆப்பைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் அன்ரெஸ்ட்ரிக்டட் என்று மாற்றுங்கள், அலாரத்துக்கான அனுமதியும் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகு இன்றுவரை தவறவில்லை. போன் வாங்கிய அன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள்.

இரண்டாவது குறை, முன்னுரிமை எண். பாமில் ஒவ்வொரு வேலைக்கும் 1 முதல் 5 வரை எண் கொடுக்கலாம், 1 எல்லாம் மேலே வந்து நிற்கும். போனோடு வந்த டாஸ்க் ஆப்பில் ஒரு நட்சத்திரம் போடலாம், அவ்வளவுதான். வேலையின் பெயருக்கு முன்னால் நானே 1, 2 என்று எழுதிச் சமாளிக்கிறேன். பாமின் அஜெண்டா பக்கத்தில் இன்றைய சந்திப்பும் முடிக்காத வேலையும் ஒரே திரையில் தெரியும், அதற்கு ஈடாக முகப்புத் திரையில் இரண்டு விட்ஜெட்டை மேலும் கீழுமாக வைத்திருக்கிறேன். முகப்பில் வேறு எதுவும் இல்லை. வாட்சப் இரண்டாவது பக்கத்தில், சத்தம் இல்லாமல், காலை 9-லிருந்து மதியம் 2 வரை அறிவிப்பும் இல்லாமல். இந்த ஏற்பாட்டைச் செய்வதற்கு முன் குறிப்பு எழுதப் போனை எடுத்தால் பத்து நிமிஷம் கழித்து எதற்கு எடுத்தோம் என்று யோசிக்கிற நிலைமை இருந்தது, இப்போது இல்லை.

அளவு விஷயத்தில் பாமுக்குத்தான் என் ஓட்டு. 6.7 அங்குலம் சட்டைப் பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, பைக்கில் குனிந்தால் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உங்களிடமும் இப்படி ஒரு பழைய கருவி இருந்து, மாற்ற யோசித்துக்கொண்டிருந்தால், பேனா உள்ள போனாகப் பாருங்கள். கடையில் காட்டும்போது கேமராவைப் பார்ப்பது இருக்கட்டும், திரை அணைந்திருக்கும்போது பேனாவை உருவி எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பாம் டெஸ்க்டாப்பின் மொத்த ஃபோல்டரையும் இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள், மாற்றி முடித்த பிறகும் அழிக்காதீர்கள். எனக்கு எல்லாம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். போன மாதம் ஸ்டாக்கிஸ்ட் ஒருவரின் பிறந்தநாள் போனில் காணவில்லை, அந்த வகையில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அந்தக் கட்டம் காலியாகத்தான் வந்திருந்தது. டிராயரிலிருந்து பாமை எடுத்து, சார்ஜரில் போட்டபடியே, ஒவ்வொருவராகப் பார்த்துப் போனில் எழுதிக்கொண்டேன்.