ஜாங்கோவின் தரவுச் சரிபார்ப்பு: மாங்காய் மண்டியில் ஒரு பருவம்

காவேரிப்பட்டணத்தில் உள்ள ஒரு மாங்காய் மண்டிக்கு வரவுச் சீட்டு போடும் மென்பொருளை, பைத்தான் மொழியில் இணையச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பான ஜாங்கோவில் எழுதி, ஒரு பருவம் முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அதன் தரவுச் சரிபார்ப்பைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பெங்களூரா ரக மாங்காய் ஏற்றி வரும் வண்டியைச் சுமையோடு ஒருமுறையும் காலியாக ஒருமுறையும் எடைமேடையில் நிறுத்துவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் விவசாயிக்குப் பணம். அவசரத்தில் இரண்டு எண்களும் இடம் மாறிவிட்டால், காய் கொண்டுவந்தவரே மண்டிக்குக் கடன்பட்டவராகக் கணக்கில் நிற்பார். இப்படி ஒரு புலத்தை இன்னொன்றோடு ஒப்பிடும் விதியை மாடலின் (சீட்டில் என்னென்ன புலங்கள் உண்டு என்று சொல்லும் வரையறையின்) ‘கிளீன்’ என்ற சரிபார்ப்புப் பகுதியில் சில வரிகளில் எழுதிவிடலாம். பிழைச் செய்தியையும் தமிழிலேயே கொடுக்கலாம் என்பதால், ‘காலி வண்டி எடை சுமை எடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும்’ என்று திரையில் கண்டதும் கணக்குப்பிள்ளை யாரையும் கேட்காமல் தாமே திருத்திக்கொள்கிறார். மாடலிலிருந்து உருவாகும் திரைப் படிவம் வழியாக வரும் பதிவுகளைப் பொறுத்தவரை இது அருமையான ஏற்பாடு.

ஆனால், பொருளைச் சேமிக்கும் ‘சேவ்’ இந்தச் சரிபார்ப்பைத் தானாக அழைப்பதில்லை. ‘கிளீன்’ உட்பட எல்லாச் சரிபார்ப்புகளையும் ஓட்டும் ‘ஃபுல் கிளீன்’ என்பதை நாமே அழைக்காவிட்டால், ரகப் பட்டியலில் இல்லாத பெயரைக்கூடத் தரவுத்தளம் வாங்கி வைத்துக்கொள்ளும். சரிபார்த்த பிறகே சேமிக்கும் ரெயில்ஸ் என்ற இன்னொரு கட்டமைப்பில் பழகியவர்கள் இங்கே எளிதில் ஏமாந்துவிடுவார்கள். நான் ‘சேவ்’ஐ மாற்றி எழுதி அதற்குள் ‘ஃபுல் கிளீன்’ஐ வைத்தேன், அதனால் படிவப் பதிவுகள் இருமுறை சரிபார்க்கப்படுகின்றன, அதை நான் பொருட்படுத்தவில்லை. அதுவும் போதவில்லை என்பது, எக்செல்லில் இருந்த பழைய சீட்டுகளை ‘பல்க் கிரியேட்’ கொண்டு மொத்தமாக ஏற்றியபோதுதான் தெரிந்தது. அது ‘சேவ்’ பக்கமே போகாது. இடம் மாறிய எடைகள் அப்படியே உள்ளே போய்விட்டன.

ஆகவே எடை விதியைத் தரவுத்தளத்திலேயே ‘செக் கன்ஸ்ட்ரெயின்ட்’ ஆக, அதாவது விதியை மீறும் வரிசையைத் தரவுத்தளமே மறுக்கும் கட்டுப்பாடாக வைப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. 2022இல் வந்த ஜாங்கோ 4.1 பதிப்பிலிருந்து ‘ஃபுல் கிளீன்’ அதையும் சேர்த்தே பார்க்கிறது. செய்தியையும் அங்கேயே தமிழில் எழுத முடிகிறது. நான் பயன்படுத்தும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸில் அதைச் சேர்க்க முயன்றபோது, தவறான வரிசைகள் ஏற்கெனவே இருந்ததால் மைக்ரேஷன் (தரவுத்தள அமைப்பை மாற்றும் படி) நின்றுவிட்டது. அவை ஒவ்வொன்றையும் எடைமேடை ரசீதோடு ஒப்பிட்டுத் திருத்தி முடித்த பிறகே அது ஓடியது.